நான்கு மாதம் நரம்பை இழுத்துக்கொண்டிருந்தேன்

யாராவது கால் வலி என்றால் இப்போது நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்தான். இருமினால், தும்மினால் காலுக்குள் சுரீர் என்று ஓடுகிறதா? உட்கார்ந்தால் கூடி, எழுந்து நடந்தால் கொஞ்சம் தணிகிறதா? என்னிடம் அப்போது யாரும் இதைக் கேட்கவில்லை, எனக்கும் கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை. பதினொரு மாதம் அந்த வலியோடு இருந்தேன். அதில் நான்கு மாதம் நானே தினமும் இரண்டு வேளை, பயிற்சி என்று நினைத்துக்கொண்டு அதை வளர்த்திருக்கிறேன். அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. சயாட்டிகா எனப்படும், இடுப்பிலிருந்து கிளம்பும் இந்தக் கால் வலியோடு இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த நான்கு மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு கனமான அலமாரியைத் தனியாக நகர்த்தியபோது இடுப்பில் படக்கென்று பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் இடுப்பு வலி இருந்தது, பிறகு தானாகவே குறைந்தது. பத்தாம் நாள் காலையில் முகம் கழுவக் குனிந்தேன். இடது பிட்டத்திலிருந்து கரன்ட் அடித்த மாதிரி ஒன்று கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை ஓடியது. அதற்குப் பிறகு அது என்னை விடவில்லை. இடுப்பில் அநேகமாக வலியே இல்லாததால் காலில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. கம்ப்யூட்டரை உயரமான மேசையில் வைத்து நின்றுகொண்டே வேலை செய்தேன். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தால் ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். இடது காலுக்கு சாக்ஸ் மாட்ட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுத நாட்கள் உண்டு. "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கட்டுப் போட்டிருந்தால், ஊன்றுகோல் வைத்திருந்தால் நம்பியிருப்பார்கள். இந்த வலி வெளியே தெரியாது, அதுதான் இதில் பெரிய தனிமை.

முதலில் பார்த்த டாக்டர் வலி மாத்திரையும் ஒரு வாரம் ஓய்வும் தந்து, பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஒரு மையத்தில் இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினேன். தினமும் அரை மணி நேரம் சூட்டு ஒத்தடம், பிறகு இடுப்பில் கரன்ட் மெஷின், பிறகு இடுப்பை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன். படுத்திருக்கும்போது இதமாக இருக்கும். எழுந்து வாசல் வரை வருவதற்குள் கால் மறுபடி எரியும். இருபது நாளில் ஒருவர்கூட என் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, விரலை அசைக்கச் சொல்லவில்லை, எங்கே மரத்திருக்கிறது என்று தொட்டுப் பார்க்கவில்லை. அப்போது அதைக் குறையாகவே நினைக்கவில்லை, மெஷின் வைப்பதுதான் பிசியோதெரபி என்று நம்பியிருந்தேன். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2016ஆம் ஆண்டிலேயே இடுப்பு வலிக்கும் சயாட்டிகாவுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், கரன்ட் சிகிச்சை இவற்றைத் தர வேண்டாம் என்று எழுதிவிட்டது என்பது வெகு பின்னால்தான் தெரிந்தது. மருந்து, சிட்டிங், ஸ்கேன், சம்பளம் பிடிக்கப்பட்ட விடுப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆண்டில் கிட்டத்தட்ட இரண்டரை மாதச் சம்பளம் போயிருக்கிறது. முன்பணம் கட்டும் முன் முதல் நாள் உங்களை எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கால் விரலில் நிற்கச் சொல்லி, குதிகாலில் நடக்கச் சொல்லி, சுத்தியலால் தட்டிப் பார்த்து, இரண்டு காலையும் ஒப்பிட்டுத் தொட்டுப் பார்க்காத இடத்தில் இருபது சிட்டிங் வாங்காதீர்கள்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. தொடையின் பின்பக்கம் எப்போதும் இறுக்கமாக, கயிறு கட்டின மாதிரி இருந்தது. தசை இறுகிவிட்டது, நீட்டினால் சரியாகும் என்று வீடியோக்களைப் பார்த்து ஆரம்பித்தேன். மல்லாக்கப் படுத்து, பாதத்தில் துண்டைச் சுற்றி, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கி, பாதம் என் பக்கம் மடங்கும்படி துண்டை இழுத்து முப்பது விநாடி பிடிக்க வேண்டும். காலையில் ஐந்து முறை, இரவில் ஐந்து முறை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். முடித்தவுடன் கால் லேசானது போலிருக்கும். நடுராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்காலில் தீ வைத்த மாதிரி எரிச்சல் எழுப்பிவிடும். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் நடுவில் ஐந்தாறு மணி நேரம் இடைவெளி. சீண்டப்பட்ட நரம்பு உடனே கத்தாமல், பல மணி நேரம் கழித்தும் கத்தலாம் என்பதை யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அன்றே நிறுத்தியிருப்பேன். நானோ வலி கூடக் கூட இன்னும் இறுக்கமாகிவிட்டது என்று எண்ணி இன்னும் பலமாக இழுத்தேன்.

ஐந்தாம் மாதம் சுண்டுவிரலும் பாதத்தின் வெளி ஓரமும் மரத்துப்போயின. செருப்பு கழன்றால்கூடத் தெரியவில்லை. பயந்துபோய் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்தேன், எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எல்5-எஸ்1 இடையே, அதாவது இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள எலும்புக்கும் நடுவில், மெத்தை போல இருக்கும் டிஸ்க் இடது பக்கம் பிதுங்கி, அங்கிருந்து காலுக்கு இறங்கும் எஸ்1 நரம்பின் வேரைத் தொடுகிறது என்று வந்தது. ரிப்போர்ட்டில் தேய்மானம், பிதுக்கம் என்று வரிசையாக இருந்ததைப் பார்த்து என் முதுகெலும்பே நொறுங்கிவிட்டது என்று நினைத்து அன்று இரவு தூங்கவில்லை. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி இருபது வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருக்கிறது. ரிப்போர்ட்டோடு சேர்த்து இதையும் ஒரு வரி சொல்லிக் கொடுத்தால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்!

அந்த நிபுணருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இப்போது அறுவை சிகிச்சை தேவையில்லை, பலம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, மேலும் குறையவில்லை என்று சொன்னதோடு நிற்காமல், எப்போது ஓடி வர வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொன்னார். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போனாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, மலத்துவாரம், பிறப்புறுப்பு, உள்தொடை, அதாவது சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ பரவினாலோ, நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றையே நசுங்குவதன் அறிகுறி அது. அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், விடியட்டும் என்று காத்திருந்தால் நிரந்தரச் சேதம் வரலாம். பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தட்டி நடப்பது, பலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போவது, காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இதில் ஏதாவது இருந்தாலும் பயிற்சி எதையும் தொடங்காமல் டாக்டரிடம் போக வேண்டும். கூச்சத்தால் சிறுநீர், மலம் பற்றி யாரும் பேசுவதில்லை. தயவுசெய்து பேசுங்கள்.

அவர் அனுப்பி வைத்த பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். முதல் நாள் முக்கால் மணி நேரம் பரிசோதனை மட்டுமே செய்தார். படுக்க வைத்து, காலை நேராக மெல்லத் தூக்கினார், 35 டிகிரியிலேயே வலி வந்தது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னார். வலது காலில் இருபது முறை சுலபமாக வந்தது, இடது காலில் மூன்றோடு நின்றுவிட்டது. குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டியபோது வலது பாதம் துள்ளியது, இடது பாதம் அசையவில்லை. பிறகு நான் துண்டு கட்டி இழுக்கும் கதையைச் சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் மேசை விளிம்பில் உட்காரச் சொன்னார். கைகள் முதுகுக்குப் பின்னால், முதுகு கூனியபடி, தாடை நெஞ்சைத் தொட வேண்டும். பாதத்தை மேல்நோக்கி மடக்கிக்கொண்டு இடது முழங்காலை மெதுவாக நீட்டச் சொன்னார். பாதி கூட நீளவில்லை, தொடையின் பின்பக்கம் அந்தப் பழைய இழுப்பு. "இதுதானே நீங்க சொல்ற தசை இறுக்கம்?" என்றார். இதேதான் என்றேன். "காலை அப்படியே வைங்க, அசைக்காதீங்க. தலையை மட்டும் மெதுவா தூக்கி மேல பாருங்க." தூக்கினேன். தொடையில் இருந்த இழுப்பு போய்விட்டது. கால் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. மறுபடி தலையைக் குனிந்தேன், வந்தது. நிமிர்ந்தேன், போனது. "தொடைத் தசை கழுத்து வரைக்கும் போகுதா என்ன?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. நான்கு மாதமாகத் துண்டு கட்டி நான் இழுத்துக்கொண்டிருந்தது நரம்பை.

மூளையிலிருந்து கால் விரல் வரை நரம்பு மண்டலம் ஒரே தொடர்ச்சி. கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டும் அதன் உறையும் சேர்ந்து இழுபடும், அந்த இழுப்பு இடுப்பில் உள்ள நரம்பு வேர்கள் வரை போகும். கீழ் முதுகில் எல்4 முதல் எஸ்3 வரையிலான வேர்கள் ஒன்றுசேர்ந்து சயாட்டிக் நரம்பாகிறது. உடம்பிலேயே தடித்த நரம்பு அது, பிட்டம் வழியாகத் தொடையின் பின்னால் இறங்கிப் பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. நாம் குனியும்போதும் காலை நீட்டும்போதும் அது தன் பாதையில் வழுக்கி நகர வேண்டும். டிஸ்க் அழுத்தத்தாலும், அங்கே உண்டாகும் வீக்கத்தாலும் வேர் புண்பட்டுப்போனால், கொஞ்சம் இழுத்தாலே அது கத்தும். தசையைப் போல நரம்பை நீட்டிப் பிடித்து வைக்கக் கூடாது. விலங்குகளிடம் செய்த பழைய சோதனைகளில், நரம்பை அதன் நீளத்தில் 8 சதவீதம் நீட்டியபோதே அதற்குள் ரத்த ஓட்டம் தடுமாறத் தொடங்கியது, 15 சதவீதத்தில் நின்றே போனது. முப்பது விநாடி இழுத்துப் பிடித்தபோது ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நரம்பின் கழுத்தை நான் நெரித்திருக்கிறேன்.

அவர் கையில் நாடா கோத்த ஒரு துணிப்பை இருந்தது. நாடாவின் ஒரு முனையை அவர் இழுக்க, மறுமுனையை என்னை விட்டுக்கொடுக்கச் சொன்னார். நாடா மடிப்புக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு என் முனையைக் கெட்டியாகப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். பை சுருங்கியது, நாடா விறைத்தது. முதலாவது ஸ்லைடர், இரண்டாவது டென்ஷனர். நரம்பை நகர்த்தும் பயிற்சிகள் இந்த இரண்டு வகைதான். டேவிட் பட்லர், மைக்கேல் ஷாக்லாக் போன்ற ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்டுகள் 1990களில் இந்த முறையை விரிவாக வளர்த்தார்கள். புண்பட்ட நரம்புக்கு முதலில் ஸ்லைடர் மட்டும்தான். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டும்போது தலையை மேலே தூக்க வேண்டும், முழங்காலை மடக்கும்போது தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். கீழ்முனை இழுபடும் நேரத்தில் மேல்முனை விட்டுக்கொடுக்கிறது. எங்கேயும் நிறுத்திப் பிடிக்கக் கூடாது, ஊஞ்சல் போல மெதுவாகப் போய் வர வேண்டும். இழுப்பு லேசாகத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பிவிட வேண்டும். பத்து முறை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அவ்வளவுதான்.

இவ்வளவு சின்ன விஷயமா என்று ஏமாற்றமாக இருந்தது. ஐந்து மாத வலிக்குப் பத்து முறை காலை ஆட்டினால் போதுமா? மூன்றாம் நாள் வலி சற்றுக் குறைவாக இருந்த தைரியத்தில் அறுபது முறை செய்துவிட்டேன். செய்யும்போது துளி வலி இல்லை. மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை, மூன்று நாள் வீணாயிற்று. அவர் கோபப்படவில்லை. ஒரு சின்ன நோட்டு வாங்கச் சொன்னார். எத்தனை முறை செய்தேன், முடித்தவுடன் எப்படி, இரண்டு மணி நேரம் கழித்து எப்படி, மறுநாள் காலையில் எழுந்தவுடன் எப்படி என்று நான்கு கட்டம். மறுநாள் காலைக் கட்டத்தைப் பார்த்துத்தான் அன்றைய அளவைத் தீர்மானிக்க வேண்டும். வழக்கத்தைவிட மோசமென்றால் பாதியாகக் குறைக்க வேண்டும், அதே நிலையென்றால் அதே அளவு, மூன்று நாள் தொடர்ந்து நன்றாக இருந்தால் மட்டும் ஐந்து கூட்டலாம். எனக்குக் கிடைத்த எல்லா ஆலோசனையிலும் இந்த நோட்டைத்தான் மேலாகச் சொல்வேன். வலி எப்போதும் ஒரே மாதிரி இருப்பதாகத்தான் மனசுக்குத் தோன்றும். மூன்று வாரம் முன்னால் எழுதியதைப் புரட்டினால்தான் பாதத்திலிருந்த எரிச்சல் முழங்காலுக்கு மேலே ஏறியிருப்பது தெரியும்.

அப்படி ஏறியபோது நான் பயந்துபோனேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் வாரம் கால் வலி குறைய, இடுப்பு வலி கூடியது. பயிற்சியால் டிஸ்க் இன்னும் விலகிவிட்டது என்றே நினைத்து இரண்டு நாள் எதையும் செய்யாமல் படுத்துவிட்டேன். கேட்டபோது, வலி காலிலிருந்து இடுப்பை நோக்கிச் சுருங்குவது நல்ல அறிகுறி என்றார். இடுப்பில் வலி குறைந்து பாதத்தை நோக்கி நீண்டால்தான் கவலைப்பட வேண்டுமாம். மரத்துப்போனது கடைசியில்தான் போகும், முதலில் வலி, பிறகு பலம், அதற்கப்புறம் உணர்வு என்று மெதுவாகத்தான் வரும் என்றும் சொன்னார். எனக்கு அந்த வரிசையில்தான் வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சி பிதுங்கிய டிஸ்க்கை உள்ளே தள்ளாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். பிதுங்கிய பகுதியைப் பல சமயம் உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. அதுவரை நரம்பின் எரிச்சலைத் தணித்து, நாம் அசையவும் நடக்கவும் வழி செய்வதுதான் இதன் வேலை. நரம்பு சம்பந்தப்பட்ட இடுப்பு வலிக்கு இது உதவுகிறது என்று 2017இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. எனக்குக் குறைந்ததில் எவ்வளவு இந்தப் பயிற்சியால், எவ்வளவு காலத்தால், எவ்வளவு நடையால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைத் தோற்றவர்களாகப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. நெதர்லாந்தில் கடுமையான சயாட்டிகா உள்ள 283 பேரை, சீக்கிரம் அறுவை, காத்திருந்து பார்ப்பது என்று இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரண்டு குழுவிலும் சுமார் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்து பார்க்கலாம் என்று வைக்கப்பட்டவர்களில் 39 சதவீதம் பேர் நடுவில் அறுவைக்குப் போக வேண்டியிருந்தது. காத்திருப்பதும் அறுவையும் இரண்டுமே சரியான வழியாக இருக்கலாம், பலம் குறைகிறதா இல்லையா என்பதை மட்டும் டாக்டர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எட்டாம் வாரம், படுத்துக் காலைத் தூக்கினால் 60 டிகிரி வரை வந்தது. அதற்குப் பிறகுதான் டென்ஷனருக்கு அனுமதி கிடைத்தது, தாடை குனிந்தபடியே முழங்காலை நீட்டுவது. அதுவும் ஐந்து முறை, பிடித்து வைக்காமல். கூடவே தினமும் நடை. முதலில் ஐந்து நிமிடமாகப் பல தடவை, பிறகு இருபது நிமிடம், பிறகு நாற்பது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கும் பயிற்சி, இடுப்புக்கும் பிட்டத்துக்கும் பலம் தரும் பயிற்சிகள். உட்காரும் வேலைக்கு இருபது நிமிட அலாரம். அலாரம் அடித்தால் பேச்சு பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுவேன். இரவில் வலது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. இதையெல்லாம் நான் செய்தபடியே நீங்கள் செய்ய வேண்டியதில்லை. எனக்கு எஸ்1, உங்களுக்கு வேறு வேராக இருக்கலாம், அளவும் வேறாகும். வலி உச்சத்தில் இருந்து, எந்த நிலையில் படுத்தாலும் தாங்க முடியாத நாட்களில் ஸ்லைடர்கூட வேண்டாம் என்றே எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் உங்களை உட்கார வைத்து, கழுத்தை அசைத்து, உங்கள் இழுப்பு தசையா நரம்பா என்று பார்த்த பிறகு தொடங்குங்கள்.

கடைசியாகப் போனபோது இடது காலில் பதினெட்டு முறை குதிகாலைத் தூக்கினேன். கால் 75 டிகிரி வரை வலியில்லாமல் வந்தது. குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினார், இடது பாதம் இன்னும் அசையவில்லை. முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "இது திரும்பி வராமலே போகலாம், நடக்கிறதுக்கு ஓடுறதுக்கு இதனால ஒண்ணும் ஆகாது" என்றார். சுண்டுவிரலின் ஓரம் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. நோட்டில் ஏழு பக்கம் மிச்சமிருக்கிறது, நீண்ட பயணம் போய் வந்த மறுநாள் மட்டும் எழுதுகிறேன்.